இதர பணிகள்

வடசென்னையில் இருக்கும் எங்கள் மனநல ஆலோசனை மையத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் கேட்பதற்கு 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. மனக்காயம் எவ்வளவு ஆழம் என்று பார்க்க உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற வினாத்தாள்தான். தமிழில் பெயர்த்து வைத்திருக்கிறோம். உங்கள் வாழ்க்கையில் நடந்த மிக மோசமான ஒரு நிகழ்வை நினைத்துக்கொண்டு, கடந்த ஒரு மாதத்தில் இன்னின்ன தொல்லைகள் எந்த அளவுக்கு இருந்தன என்று சொல்லுங்கள் என்று ஆரம்பிக்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண்.

எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆயாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "எத்தம்மா சொல்றது? சுனாமில வூடு போச்சே, அத்தயா? எண்ண வந்து ஆறு கறுத்துச்சே, அத்தயா? ராத்திரில கேஸு வந்து புள்ளைங்கள தூக்கினு ஓடனமே, அத்தயா? எம்புள்ள செத்தது இதுல சேராது. அது தனி."

படிவத்தில் ஒரு நிகழ்வுக்குத்தான் கட்டம் இருக்கிறது. பேனாவை மூடிவைத்துவிட்டு டீ வாங்கிவரச் சொன்னேன்.

ஆயா சொன்ன வரிசையில் தேதி போட்டால் இப்படி வரும். 2004 டிசம்பர் 26, கடல் ஊருக்குள் வந்தது. 2017 ஜனவரி 28, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. அதைப் பக்கெட்டால் மொண்டு எடுத்தார்கள். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம் வரை வந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும்போது, கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாய் பெரியகுப்பம் பக்கத்தில் கசிந்தது. சுனாமி நினைவு நாள் என்று பகலில் கடலில் பால் ஊற்றிவிட்டு வந்தவர்களும் இரவு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய கூட்டத்தில் இருந்தார்கள். அதே தேதி, 19 வருடம் கழித்து.

அந்தப் படிவம் அளக்கிற மனக்காய நோய்க்கு (ஆங்கிலத்தில் பி.டி.எஸ்.டி.) மருத்துவ நூல்களில் அதிகாரபூர்வமாக ஓர் இடம் கிடைத்தது 1980இல். வியட்நாம் போரிலிருந்து அமெரிக்காவுக்குத் திரும்பிய சிப்பாய்கள் பட்ட அவஸ்தைதான் அதற்குப் பெரிய தூண்டுதல். சிப்பாய்க்குப் போர் ஓரிடம், வீடு ஓரிடம். ஆபத்து அங்கே முடிந்துவிட்டது, அவன் உடம்பு மட்டும் முடிந்ததை நம்ப மறுக்கிறது. அதை நம்பவைப்பதுதான் சிகிச்சை. நல்ல சிகிச்சைதான், பலரைக் காப்பாற்றியிருக்கிறது, நானும் அதைப் படித்துத்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் தாழங்குப்பத்திலோ நெட்டுக்குப்பத்திலோ இருக்கும் ஒரு பெண்ணிடம் எதை முடிந்துவிட்டது என்று சொல்வது? குழாய் அங்கேதான் இருக்கிறது. புகைபோக்கி அங்கேதான் இருக்கிறது. தேவைக்கு மேல் உஷாராக இருக்கிறீர்களா என்று படிவம் கேட்கிறது. இரவு காற்று திரும்பினால் எழுந்து முகர்ந்து பார்க்கிறேன் என்கிறார் அவர். விதிப்படி நான் 4 போடவேண்டும். போடுகிறேன். பக்கத்தில் பென்சிலால் 'காரணம் இருக்கிறது' என்றும் எழுதிவைக்கிறேன். யாரும் படிப்பதில்லை என்றாலும் எழுதுகிறேன்.

நானும் இந்தப் பக்கத்துப் பெண்தான், தண்டையார்பேட்டை. அம்மா காசிமேட்டு ஏலத்தில் கூடை எடுத்து வீடு வீடாக விற்றவர். அதனால் எனக்குக் கூடுதல் ஞானம் என்று சொல்லவரவில்லை. வருகிறவர்கள் "நீ எந்தத் தெரும்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள், அந்த வசதி ஒன்று.

2023இல் எண்ணெய் வந்த பிறகு ஒரு அக்கா தூக்கமில்லை என்று வந்தார். முகத்துவாரத்துச் சேற்றில் வாயில் பறியைக் கவ்விக்கொண்டு கையால் எறா தடவிப் பிடிக்கிறவர். கையெல்லாம் அரிப்பு, தலையில் எண்ணெய் நாற்றம் போகவில்லை. பிடித்ததை விற்கவும் முடியவில்லை. எண்ணூர் மீனா என்று கேட்டுவிட்டு வாங்குகிறவர்கள் நகர்ந்துவிடுகிறார்கள். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன், மரியாதைக்குச் செய்தார். செய்துகொண்டே, "லிஸ்ட்டுல எம்பேரு இல்லம்மா" என்றார். அரசு அறிவித்த நிவாரணம் மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000, பாதிக்கப்பட்ட மற்ற குடும்பங்களுக்கு 7,500. படகுக்குப் பதிவெண் இருக்கிறது. ஆண்களுக்குச் சங்க அட்டை இருக்கிறது. சேற்றில் தடவுகிற கைக்கு எந்த அட்டையும் கிடையாது. அந்த அக்கா மீனவரா, 'மற்றவரா' என்பதை ஒரு மேசை தீர்மானிக்கவேண்டும். அந்த மேசை இன்னொரு மேசையைக் கைகாட்டியது. அவருடைய தூக்கம் எங்கே போனது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைய அமர்வின் மீதி நேரத்தில் மனு எழுதினோம். கொடுத்துவிட்டு வந்த ராத்திரி தூங்கினேன் என்றார். பணம் வந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

இந்த வேலையில் என்னை அதிகம் மாற்றியவர்கள் கழிவுநீர்த் தொட்டியில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள். அவர்களில் ஒருவரைப் பற்றி, அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றி எழுதுகிறேன். காலையில் ஒப்பந்தக்காரர் போன் செய்து கூப்பிட்டிருக்கிறார், மதியம் பிணவறையிலிருந்து போன். இடையில் நடந்ததை யாரும் அவரிடம் நேராகச் சொல்லவில்லை. சாயங்காலமே ஒருவர் வந்து, கையில் கொஞ்சம் பணத்தை வைத்து, கேஸ் எதுவும் வேண்டாம் என்று பேசிப்பார்த்திருக்கிறார்.

சட்டம் நன்றாகவே இருக்கிறது. மனிதரை மலக்குழியில் இறக்குவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. 1993க்குப் பிறகு இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கவேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தத்தின்படி, கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஒரு பட்டியலினத்தவரை வைப்பதே வன்கொடுமைக் குற்றம். ஆனால் இதெல்லாம் நடக்கவேண்டுமென்றால் அந்தப் பெண் தன் கணவன் எப்படிச் செத்தான் என்று காவல் நிலையத்தில் சொல்லவேண்டும், கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லவேண்டும், தாசில்தார் அலுவலகத்தில், நலத்துறையில், வாரிசுச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில், அங்கே அதிகாரி மாறியிருந்தால் மறுபடி முதலிலிருந்து. எதிரில் இருப்பவர் தலை நிமிராமல் கேட்பார். "உள்ள எறங்கினாரா, வழுக்கி வுழுந்தாரா?" இந்தக் கேள்விக்குப் பின்னால் 30 லட்சம் இருக்கிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நடந்த கொடுமையை ஒரே மூச்சில் சொல்லவைத்தால் பாரம் இறங்கிவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. சொல்ல விருப்பம் இல்லாதவரைத் தோண்டினால் காயம் மோசமாகலாம். எங்களுக்குப் பயிற்சியில் முதலில் சொல்லித்தருவதே இதுதான். அந்தத் தோண்டலை அரசு மேசைகள் ஒரு பயிற்சியும் இல்லாமல், இலவசமாக, வரிசையில் நிற்கவைத்துச் செய்கின்றன.

எனவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். அவர் தயாராக இருக்கும் நாளில், கூட அவர் அக்காவோ நாத்தனாரோ இருக்க, ஒரே தடவை சொல்லுவார். நடுவில் நிறுத்தலாம், வெளியே போய்விட்டு வரலாம். நான் எழுதுவேன், படித்துக்காட்டுவேன், அவர் திருத்துவார். கையெழுத்துப் போட்டுப் பல நகல் எடுத்துவிடுவோம். பிறகு எந்த மேசைக்குப் போனாலும் பேசுவதற்குப் பதில் அந்தத் தாளை நீட்டவேண்டும். மேலே கேள்வி இருந்தால் கூடப்போகிற எங்கள் ஆள் பதில் சொல்லுவார். முதல் முறை அந்தத் தாளை நீட்டியபோது அந்த அலுவலகத்து ஊழியர், "ஏன், அந்தம்மாவுக்கு வாய் இல்லையா?" என்றார். இருக்கிறது. அதை எப்போது திறப்பது என்று இனி அவர் முடிவுசெய்வார்.

அந்தத் தாளை எழுதும்போது அவர் செய்த ஒரு திருத்தத்தைச் சொல்லவேண்டும். 'தொட்டியில் விழுந்து' என்று நான் எழுதியிருந்த இடத்தை அடித்து, 'இறக்கிவிடப்பட்டு' என்று மாற்றச் சொன்னார். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். காரியத்துக்கு முந்தின ராத்திரி பாட வந்த தம்பி அப்படித்தான் பாடினானாம்.

எங்கள் பக்கத்தில் சாவு வீடு சும்மா இருக்காது. மேளம் இருக்கும், பந்தலுக்குள் பெண்களின் ஒப்பாரி இருக்கும், ராத்திரி கானா இருக்கும். செத்தவரின் பேர், தெரு, தொழில், யாரோடு சண்டை, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எல்லாம் பாட்டில் வரும். முதல் தகவல் அறிக்கை மழுப்பியதைப் பையன் மைக்கில் பாடிவிட்டான். பத்து மணிக்கு மேல் மைக் கூடாது என்று போலீஸ் வந்து நிறுத்தியது வேறு கதை. நகரத்தின் தென்பக்கத்து நண்பர்களுக்கு இப்போது கானா பிடித்திருக்கிறது, மேடையில் கேட்டுக் கை தட்டுகிறார்கள், சந்தோஷம். ஆனால் இதையே மருந்து என்று எழுதுகிற கட்டுரைகளைப் படித்தால் எனக்கு எரிச்சல் வரும். பாட்டு நடக்கும் வாசலில் ஆண்கள் குடித்திருப்பார்கள். தாலி அறுத்த பெண் உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள், அவளை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஒப்பாரி வைக்கும் ஆயாக்கள்தான் அவளைக் கட்டிப்பிடித்து அழவைப்பார்கள், ராத்திரி பக்கத்தில் படுப்பார்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் 'சமூக ஆதரவு' என்று இருப்பதற்கு நான் கண்ட உருவம் அதுதான். பதினாறாம் நாளோடு அவர்களும் கூடை தூக்கப் போகவேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

புளியந்தோப்பிலிருந்து வரும் ஒரு தாத்தா பின்னி ஆலையில் வேலை பார்த்தவர். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டுதான். இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று என்று எங்கள் ஊருக்கு அதில் பெருமை உண்டு. தாத்தாவுக்கும் உண்டு. ஆனால் அவர் பாட்டி சொல்லி அவர் வைத்திருக்கும் கதை 1921. அந்த வருட வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் சாதிச் சண்டையாகத் திரும்பி, ஆதி திராவிடர்களின் குடிசைகள் எரிந்தன. தீ என்று யாராவது தெருவில் கத்தினால் பாட்டி முதலில் தண்ணீர் எடுக்க ஓடமாட்டாளாம், பிள்ளைகளை எண்ணுவாளாம். தாத்தா அந்தத் தீயைப் பார்த்ததில்லை. ஆனால் அவரும் எண்ணுகிறார், இப்போது பேரப்பிள்ளைகளை. ஒரு தெருவில் சங்கத்தின் பெருமையும் அந்த எரிப்பும் சேர்ந்தே வளர்கின்றன. விழா மேடையில் முதலாவதைத்தான் பேசுகிறார்கள்.

வெளியிலிருந்து வருகிறவர்கள் எங்களைப் பாராட்டும் விதம் ஒன்று இருக்கிறது. வெள்ளம் வடிந்த மறுநாள் கடை திறந்துவிட்டார்கள், என்ன நெஞ்சுரம் என்பார்கள். திறக்காவிட்டால் தண்டல்காரர் விடுவாரா? வியாசர்பாடிப் பையன்கள் பந்து விளையாடுவதைப் படம் எடுத்துப்போகிறார்கள். அதே பையன் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியில் அத்தை வீட்டைப் போடுகிறான். ஏதாவது நடந்தால் சந்தேகத்தில் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். இந்த நெஞ்சுரப் பேச்சு எங்கள் துறைக்குள்ளும் வந்துவிட்டது, அதை அளக்கவும் படிவம் இருக்கிறது. தாங்குகிறவர்கள் என்று பேர் எடுத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கத்தான் தோன்றும். அந்தப் படிவத்தை நான் எங்கள் மையத்தில் கொடுப்பதில்லை. மேலிடத்தில் கேட்டால் தீர்ந்துவிட்டது, அச்சடிக்கவேண்டும் என்கிறேன்.

மேலிடம் என்றதும் அறிக்கை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிதி கொடுப்பவர்களுக்கு அனுப்பவேண்டும். தனிநபர் அமர்வு, குழு அமர்வு, மருத்துவமனைப் பரிந்துரை என்று கட்டங்கள் இருக்கின்றன. கீழ்ப்பாக்கத்துக்கு அழைத்துப்போனால் மூன்றாவதில் வரும். தாலுகா அலுவலகத்துக்குப் போனால்? காவல் நிலையத்தில் பாதி நாள் உட்கார்ந்தால்? அதற்கெல்லாம் கடைசியில் 'இதர பணிகள்' என்று சின்னதாக ஒரு கட்டம். போன முறை பார்வையிட வந்தவர் நல்ல மனிதர்தான், என் டீயைக் குடித்துக்கொண்டே, இதர ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது, ஆலோசனை நேரம் குறைகிறதே என்று கேட்டார். அந்தத் தாள், மனு, பட்டியல் எல்லாவற்றையும் காட்டினேன். புரிகிறது என்றார். பிறகு, முடிந்தவரை குறைத்துக்கொள்ளப் பாருங்கள் என்றார்.

'உரிமை கோரும் பணி' என்று தனிக் கட்டம் வேண்டும், அது சிகிச்சையின் பகுதி, அதற்கு நேரமும் ஆட்டோ காசும் ஒதுக்கவேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறதாம். அடுத்த வியாழன் அந்தப் பெண்ணின் இழப்பீட்டு மனு மறுபடி விசாரணைக்கு வருகிறது. புது அதிகாரி. தாளின் நகல்கள் எடுத்தாகிவிட்டது, அன்றைக்கு ஜெராக்ஸ் கடைக்குக் கொடுத்த காசைக்கூட இதரவில்தான் எழுதினேன்.