வாக்குரிமைக் கண்காட்சி: வகுப்பறை நாட்குறிப்பு

ஜூலை 8

பெண்கள் வாக்குரிமை இயக்கத்தை ஒன்பதாம் வகுப்பு மாணவிகளே ஒரு சிறு அருங்காட்சியகமாக அமைக்கட்டும் என்று முடிவு செய்தேன். எல்லாக் குழுக்களும் சரோஜினி நாயுடுவின் படத்தையே கேட்டன. படம் ஒட்டினால் மட்டும் கண்காட்சி ஆகாது, பார்ப்பவருக்கு ஒரு கேள்வியாவது எழ வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 11

1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது, அவ்வாண்டு டிசம்பரில் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைச் சரோஜினி நாயுடு தலைமையிலான பெண்கள் குழு சந்தித்து வாக்குரிமை கேட்டது, 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அதைத் தராமல் முடிவை மாகாணச் சட்டமன்றங்களிடம் தள்ளிவிட்டது ஆகியவை சுவரில் ஏறிவிட்டன. "1921-இல் சென்னைப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது" என்ற அட்டையை மட்டும் நான் ஏற்கவில்லை. அவ்வாண்டு சென்னை சட்டமன்றம் நீக்கியது பெண் என்பதற்கான தடையை மட்டுமே. சொத்து, வரி ஆகிய தகுதிகள் ஆண்களுக்கு இருந்தவாறே பெண்களுக்கும் நின்றன. ஆனால் சொத்து யார் பெயரில் இருந்தது? வீட்டிலுள்ள பழைய பட்டா, பத்திரம், வரி ரசீது ஆகியவற்றைப் பார்த்து நகல் எடுத்துவரச் சொன்னேன்.

ஜூலை 15

வந்த நகல்களில் ஒன்றைத் தவிர எல்லாமே ஆண்கள் பெயரில் இருந்தன. அந்த ஒன்றிலும் கொள்ளுப்பாட்டியின் பெயருக்கு முன்னால் "இன்னார் மனைவி" என்றிருந்தது. விடுதலைக்குப் பின் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலில், சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே பதிந்த சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள், பெரும்பாலும் வட மாநிலங்களில், நீக்கப்பட்டதை அப்போது சொன்னேன். வகுப்பு அமைதியானது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள்: "எங்களுக்கு நிலமே இருந்ததில்லை மிஸ். வெற்றுத் தாளை வைக்கலாமா?"

வைக்கலாம் என்றேன். கண்ணாடிப் பெட்டி அவளுக்குத்தான்.

ஜூலை 19

கண்காட்சி நடந்தது. 1926-இல் சென்னைச் சட்டமன்றத் தேர்தலில் நின்று தோற்ற கமலாதேவி சட்டோபாத்யாயவுக்கும், மறு ஆண்டு சட்டமன்றத் துணைத் தலைவரான முத்துலட்சுமி ரெட்டிக்கும் எழுதிய பலகைகளை, எழுத்து பொடியாக இருந்ததால், அதிகம் பேர் படிக்கவில்லை. அது என் பிழை.

கண்ணாடிப் பெட்டியிலிருந்த பத்திரம் காணாமல் போய்விட்டதாகப் பெற்றோர் மூவர் என்னிடம் வந்து சொன்னார்கள். விளக்க அட்டையைப் பெரிதாக எழுதலாமா என்று கேட்டேன். அந்த மாணவி வேண்டாமென்றாள். மாலைவரை பெட்டியின் அருகே நின்று தானே ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.