கடன் வாங்கினால் எப்போது திருப்பித் தர வேண்டும், டீச்சர்?

"செயலாராய்ச்சிக்கு ஒன்றியத்துக்கு இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன்" என்றார் தலைமையாசிரியர். தன் வகுப்பில் இருக்கிற ஒரு சிக்கலை ஆசிரியரே ஆராய்ந்து, சரிசெய்து பார்த்து, அறிக்கை எழுதுவதுதான் செயலாராய்ச்சி. கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாம். ஆனால் எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. அவரை விட்டால் நான்தான்.

ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் ஒரு செயலாராய்ச்சி ஒப்படைத்திருக்கிறேன். சீனியர் அக்கா ஒருவரின் ஃபைலைப் பார்த்து எழுதியது. அதே துணிச்சலில் இந்த முறையும் 'நான்காம், ஐந்தாம் வகுப்பு மாணவர்களின் கணிதத் திறனை மேம்படுத்துதல்' என்று தலைப்பு எழுதிக்கொண்டு டயட்டுக்குப் போனேன். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் என்ற முழுப் பெயரை யார் சொல்கிறார்கள்? 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்டங்களில் வந்த நிறுவனம் இது. எங்களுக்கு டயட்தான்.

விரிவுரையாளர் தலைப்பைப் படித்துவிட்டு, "கணக்குல எதும்மா? நேத்து எந்தக் கணக்குல மாட்டினாங்க?" என்றார்.

"கழித்தல் சார். இனமாற்றக் கழித்தல், கடன் வாங்கிக் கழிக்கிறது."

"எப்படித் தப்பு பண்றாங்க?"

பதில் இல்லை. பல வருடமாகச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். எப்படித் தப்பு என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

மறுநாள் நான்கு, ஐந்து வகுப்புகளின் 14 நோட்டுகளையும் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். 52-இல் 37 போனால் 15. ஒன்பது பேர் 25 என்று எழுதியிருந்தார்கள். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து உட்கார வைக்கிறோம். அதில் மலர் நிலையில் இருந்த பிள்ளைகளுக்கும் அதே 25. பார்த்து எழுதியிருந்தால் இப்படிச் சிதறி உட்கார்ந்தவர்களுக்கு ஒரே விடை வராது. அவர்களுக்குள் ஏதோ ஒரு விதி ஓடுகிறது என்று அப்போதுதான் பட்டது.

ஆய்வு முன்மொழிவில் 'சாத்தியமான காரணங்கள்' என்று ஒரு பகுதி உண்டு. பெற்றோர் கூலி வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகள் ஒழுங்காக வருவதில்லை, வீட்டில் கவனிப்பு இல்லை என்று வரிசையாக எழுதி வைத்திருந்தேன். அதில் ஒன்றில்கூட நான் இல்லை.

பிறகு ஒவ்வொரு பிள்ளையாக அருகில் உட்கார வைத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கணக்குப் போடச் சொன்னேன். இதற்கு நான்கு நாள் ஆனது. ஒரு பையன் சொன்னான்: "ரெண்டுல ஏழு போகாது டீச்சர். அதனால ஏழுல ரெண்டு."

"அப்படிப் போடலாம்னு யார் சொன்னது?"

"நீங்கதான். பெரிசுலேர்ந்து சின்னதைக் கழிக்கணும்னு சொன்னீங்க."

நான் சொல்லவே இல்லை என்று சாதித்தேன். வகுப்பு நடக்கும்போது செல்போனில் பதிவு செய்து கேட்கும்படி விரிவுரையாளர் சொல்லியிருந்தார், அதனால் மறுநாள் போனை மேசையில் வைத்தேன். ராத்திரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டேன். இரண்டாம் வகுப்புக்கு நான் பாடம் நடத்துகிற குரல்: "பெரிசுலேர்ந்து சின்னதைக் கழி, பெரிசுலேர்ந்து சின்னதைக் கழி." ஒரே பாடவேளையில் ஆறு தடவை. 9-இல் 4 கழிக்கிற பிள்ளைக்கு அது பொருந்தும். அதே பிள்ளை நான்காம் வகுப்புக்கு வந்ததும் ஒன்றாம் இடத்தில் ஒரு முறை, பத்தாம் இடத்தில் ஒரு முறை என்று தனித்தனியாக அதையே செய்கிறது. சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளைகளுக்குத்தான் நான் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். காரணங்கள் பகுதியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

வேறு வழியில் சொல்லிக் கொடுத்துப் பார்க்கிற இடையீட்டுக்கு மூன்று வாரம். முதலில் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். வழக்கம்போல "பக்கத்து வீட்டுல ஒண்ணு கடன் வாங்கு" என்று ஆரம்பித்தேன். ஒரு சிறுமி எழுந்து, "கடன் வாங்கினா எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கணும்?" என்றாள். அவள் அம்மா வாரா வாரம் குழுவுக்குப் பணம் கட்டுகிறவர். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. இந்தக் கடனை யாரும் திருப்பித் தருவதே இல்லையே. அன்றோடு 'கடன்' என்ற சொல்லை விட்டேன். 'சில்லறை மாத்துறது' என்று வைத்துக்கொண்டோம். கையில் ஐந்து பத்து ரூபாய்த் தாள், இரண்டு ஒரு ரூபாய் நாணயம். கடையில் சரியாக 37 கொடுக்க வேண்டும். ஒரு தாளை மாற்றினால் நாணயம் பன்னிரண்டு. மீதி தானாக வந்தது. தாளெல்லாம் அட்டையில் வெட்டியது, நாணயத்துக்குப் புளியங்கொட்டை.

300-இல் 128 கழிக்கும்போதுதான் வண்டி நின்றது. நூறைப் பத்தாக்கி, அதில் ஒரு பத்தை மறுபடி ஒன்றாக்க வேண்டும். வாய்விட்டுச் சொன்ன அதே பையன் நூறு ரூபாய் அட்டையைக் கொடுத்துவிட்டு நேராக நூறு புளியங்கொட்டை கேட்டான். தடுக்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். எண்ணினான். தவறிவிட்டது என்று திரும்ப எண்ணினான். முக்கால் மணி நேரம் அதிலேயே போனது. விடை 172. சரியான விடை! அடுத்த கணக்கில் அவனே, "பத்தா மாத்திக்கிட்டா இவ்ளோ எண்ண வேணாம்" என்று அட்டைகளை எடுத்துக்கொண்டான். நான் நடத்தியிருந்தால் ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும், அடுத்த வாரம் மறந்தும் போயிருக்கும்.

இடையீடு முடிந்து வைக்கிற பின்தேர்வில் சொதப்பினேன். தொடங்கும் முன் வைத்த முன்தேர்வுத் தாளையே மறுபடி கொடுத்துவிட்டேன். இரண்டு பேர் வழிமுறையே போடாமல் விடையை எழுதினார்கள், ஞாபகம்தான். வேறு எண்களில் புதுத் தாள் எழுதினேன். அன்று ஊரில் திருவிழா, நான்கு பேர் வரவில்லை. அவர்கள் வந்த பிறகு எல்லோருக்கும் சேர்த்து வைத்தேன். பழைய தவறு ஒன்பது பேரிலிருந்து இரண்டு பேருக்குக் குறைந்திருந்தது. அரையாண்டு விடுமுறை முடிந்து இன்னொரு தடவை பார்த்தபோது நான்கு பேர். அந்த நான்கை அறிக்கையில் போடாதே என்று தோழி ஒருத்தி சொன்னாள். போட்டேன்.

அறிக்கை எழுதியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 14 பிள்ளைகளுக்குச் சராசரி, திட்டவிலக்கம், டி-மதிப்பு என்று புள்ளியியல் கணக்கெல்லாம் வேண்டுமாம். எக்செல் தெரிந்த ஒருவர் போட்டுத் தந்தார், அந்தப் பக்கம் மட்டும் எனக்கு இன்றுவரை புரியாது. முதல் பக்கத்தில் செயலாராய்ச்சி முறையை முன்வைத்த உளவியலாளர் கர்ட் லெவின் வந்தாக வேண்டும், எல்லோர் அறிக்கையிலும் வருவார். அவர் 1946-இல் எழுதிய கட்டுரை சிறுபான்மைச் சமூகங்களின் பிரச்சினைகளைப் பற்றியது என்றும், பள்ளிக்கூடத்துக்கு இந்த முறையை வைத்து 1953-இல் புத்தகம் எழுதியவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் கோரி என்றும் விரிவுரையாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது இரண்டாம் வகுப்பில் "கையில எவ்வளவு இருக்கு, அதுலேர்ந்து எவ்வளவு எடுக்கப் போறோம்?" என்று கேட்கப் பழகியிருக்கிறேன். முழுசாகப் பழகவில்லை. போன வாரம் அவசரத்தில் "பெரிசுலேர்ந்து..." என்று ஆரம்பித்துவிட்டேன். அறையின் அந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருந்த புளியங்கொட்டைக்காரன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.