விலையை மட்டும் மாற்றப் போய் தலைப்பைத் தொலைத்த கதை

எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளின் செயல்முறைத் தேர்வுக்குத் தயாரானபோது, மாதிரித் தேர்வில் நான் ஊற்றிக்கொண்டது கஷ்டமான கேள்வியில் இல்லை. 7ஆம் எண் டாக்குமென்ட்டில் (அதில் சேமித்திருக்கும் ஒரு பதிவு) விலையை மட்டும் மாற்று, அவ்வளவுதான் கேள்வி. மாற்றினேன், எல்லாம் சரி என்று சொல்லும் 200 வந்தது, 'அப்டேட்டட்' என்று பதிலும் வந்தது, அடுத்ததுக்குப் போய்விட்டேன். திருத்தும்போது பார்த்தால் தலைப்பு இல்லை, குறிச்சொற்கள் இல்லை, விலை மட்டும் தனியாக நிற்கிறது.

நான் செய்தது, டாக் (_doc) முகவரிக்கு விலை என்ற ஒரே ஒரு ஃபீல்டை வைத்து புட் (PUT) கோரிக்கை அனுப்பியது. அது பழையதைத் தூக்கிவிட்டு, அனுப்பியதை அப்படியே உட்கார வைக்கும். அப்டேட் (_update) முகவரிக்கு போஸ்ட் (POST) அனுப்பி, உள்ளே 'டாக்' என்ற பெயருக்குக் கீழே விலையைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுமை என்னவென்றால் இரண்டு வழிக்கும் பதில் ஒரே 'அப்டேட்டட்'தான்.

அன்றிலிருந்து கட்டளைகளை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று படித்தேன். எலாஸ்டிக்சர்ச்சுக்கு அடியில் வேலை செய்யும் லூசீன், செக்மென்ட் எனும் ஒரு கோப்புத் தொகுதியை எழுதி முடித்தால் அதிலிருக்கும் டாக்குமென்ட்டை அங்கேயே வைத்துத் திருத்தாது. அதனால் பகுதி அப்டேட் என்பதே ஒருவகையில் நாம் வைத்துக்கொண்ட பெயர்தான். பழைய டாக்குமென்ட்டை, நாம் அனுப்பிய மூலத்தை வைத்திருக்கும் 'சோர்ஸ்' ஃபீல்டிலிருந்து எடுத்து, நாம் கொடுத்ததை அதில் கலந்து, பழையதை அழிந்தது என்று குறித்துவிட்டு முழுசாகப் புதிதாக எழுதுகிறது. இது மண்டையில் ஏறியதும் பாதிப் பிழைகள் தானாகவே விளங்கின. சோர்ஸை அணைத்து வைத்த இண்டெக்ஸில் (டாக்குமென்ட்டுகளின் தொகுப்பு) அப்டேட் ஏன் ஓடாது? எடுக்க ஒன்றும் இல்லை, அதனால்தான். கலக்கும்போது உள்ளடுக்கு ஆப்ஜெக்ட் என்றால் ஒன்றோடொன்று சேரும், அரே (பட்டியல்) என்றால் முழுசாக மாறிவிடும். மூன்று குறிச்சொல் இருந்த இடத்தில் நாலாவதைச் சேர்க்க நினைத்து அதை மட்டும் அனுப்பினால் மிஞ்சுவது ஒன்றுதான். சேர்க்கத்தான் வேண்டும் என்றால் ஸ்கிரிப்ட் எழுதுங்கள்.

படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது, நாலு ஃபீல்ட் உள்ள ஒரு டாக்குமென்ட்டை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். எழுதியதைத் தேடலுக்குக் காட்டும் ரெஃப்ரெஷின் இடைவெளியை மைனஸ் 1 ஆக்கி, அதாவது அது தானாக ஓடாமல் நிறுத்திவிட்டு, அப்டேட் செய்தால், எண்ணைக் கொடுத்து எடுக்கும்போது புதிய விலையும் தேடலில் பழைய விலையும் வரும். தேடல் ரெஃப்ரெஷ் ஆனதைத்தான் பார்க்கும், அதைக் கைமுறையாக ஓடவிட்டால் சரியாகிவிடும். அப்புறம் அதே மதிப்பை மறுபடி அனுப்பிப் பாருங்கள்: 'நோஆப்' (செய்ய ஒன்றுமில்லை) வரும், வெர்ஷன் எண் நகராது. முதல்முறை அதைப் பிழை என்று நினைத்து அரைமணி நேரம் தேடியிருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

409 என்ற பிழை எண் கொஞ்சம் நுணுக்கமானது. எடுத்து, கலந்து, எழுதுவதற்குள் வேறொருவர் எழுதிவிட்டால் வரும் மோதல் இது. மோதினால் எத்தனை முறை மறுபடி முயல்வது என்று சொல்லும் 'ரீட்ரை ஆன் கான்ஃபிளிக்ட்' தானாக இருப்பது 0, அதை 3 ஆக்கினால் பிழை மறைந்துவிடும் என்று பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். சரக்கு இருப்பில் ஒன்றைக் கழி என்று ஸ்கிரிப்ட் எழுதியிருந்தால் அது சரி, ஒவ்வொரு முயற்சியிலும் புதிய மதிப்பைப் படித்துத்தான் கழிக்கும். ஆனால் இருப்பு 9 என்று நீங்களே வெளியில் கணக்குப் போட்டு அனுப்பியிருந்தால், மறுமுயற்சி அடுத்தவர் எழுதியதைச் சத்தமில்லாமல் மிதித்துவிடும். அங்கே நீங்கள் படித்தபோது டாக்குமென்ட்டோடு வந்த சீக்வென்ஸ் எண்ணையும் பிரைமரி டெர்மையும் (எந்த எழுத்தைப் படித்தீர்கள் என்று காட்டும் எண்கள்) நிபந்தனையாகக் கொடுங்கள், 409 வந்தால் மறுபடி படித்துக் கணக்குப் போடுங்கள்.

எந்த ஷார்டில் (இண்டெக்ஸின் ஒரு துண்டு) வைப்பது என்று முடிவுசெய்யும் ரவுட்டிங் கொடுத்து ஏற்றிய டாக்குமென்ட்டை ரவுட்டிங் இல்லாமல் அப்டேட் செய்தால் கோரிக்கை வேறு ஷார்டுக்குப் போய் 404 (கிடைக்கவில்லை) வாங்கலாம். அதோடு, இல்லையென்றால் புதிதாக உருவாக்கு என்னும் அப்செர்ட்டும் போட்டிருந்தால் இன்னும் மோசம், ஒரே எண்ணில் இரண்டு டாக்குமென்ட் உட்கார்ந்திருக்கும். பல கோரிக்கைகளை ஒன்றாக அனுப்பும் பல்க் பற்றி ஒரே வரி: மேலே 200 இருந்தாலும் 'எரர்ஸ்' ட்ரூவா என்று பார்த்துவிட்டுத்தான் நகரவேண்டும்.

வேலையில் சோலர் (லூசீன் மேலேயே கட்டிய இன்னொரு தேடல் மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கும் கதை இதேதான், பெயர்தான் அட்டாமிக் அப்டேட். விலைக்கு 'செட்' போடாமல் வெறும் எண்ணை அனுப்பினால் முழு மாற்றம். மதிப்பைச் சேமித்து வைக்கும் இரண்டு அமைப்புகளான ஸ்டோர்டும் இல்லாமல் டாக்வேல்யூஸும் இல்லாமல் இருக்கும் ஃபீல்டை மறுபடி கட்ட வழியில்லை, முதல் அப்டேட்டிலேயே போய்விடும். காப்பிஃபீல்ட் வழியாக வேறொரு ஃபீல்டின் நகல் போய்ச்சேரும் ஃபீல்டுக்கு நேர்மாறு, அதை ஸ்டோர்ட் ஆக்கக்கூடாது, ஆக்கினால் ஏற்கெனவே இருந்த மதிப்போடு நகலும் சேர்ந்து இரட்டிப்பாகும்.

அந்த விலைக் கேள்வி இப்போது எனக்கு இரண்டு நிமிஷ வேலை. அனுப்ப அரை நிமிஷம். மிச்சம், டாக்குமென்ட்டை முழுசாக எடுத்துத் தலைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு.