சொட்டு மருந்துக் கணக்கு

செப்டம்பர் 9, 2024, திங்கள்
7.25 பஸ் போய்விட்டது. அப்பா வண்டியில் வந்தார். வழி முழுக்கப் பேச்சே இல்லை. ஆத்தங்குடி நெருங்கும்போதுதான் "சாப்டியா ஆத்தா?" என்றார். இல்லை.

செப்டம்பர் 10
ஆடிட்டர் சாரிடம் சொல்ல வேண்டியதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்க்கிறேன். "ஏழு மணிக்கு மேல் என்னால் இருக்க முடியாது." முடியாது என்பது வெடுக்கென்று இருக்கிறது. "இருக்க இயலாத நிலையில்..." லீவு லெட்டர் போல இருக்கிறது. "ஏழு மணிக்குக் கிளம்பட்டுமா சார்?" கேள்வியாகப் போட்டால் பதில் அவர் கைக்குப் போய்விடும். மூன்றையும் அடித்துவிட்டேன்.

செப்டம்பர் 11
ஜிஎஸ்டிஆர்-1, அதாவது மாத விற்பனைக் கணக்கு, கடைசி நாள். ஆபீஸில் இரவு 9.20 வரை. ஜவுளிக்கடைக்காரர் சாயங்காலம் ஐந்து மணிக்குத் துணிப்பையோடு வந்து பில்களைக் கொட்டினார். 11-ஆம் தேதி அவருக்கு மட்டும் மாதாமாதம் திடீரென்று வருகிறது.

செப்டம்பர் 13, வெள்ளி
சொல்லிவிட்டேன். நோட்டில் எழுதிய எதுவும் வாயில் வரவில்லை. "சார், அப்பத்தாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கு, எட்டு மணிக்குச் சொட்டு மருந்து விடணும்" என்றேன். "இதை முன்னாடியே சொல்றதுக்கென்னம்மா, ஏழு மணிக்குக் கிளம்பு" என்றார். இவ்வளவுதானா! பஸ்ஸில் ஜன்னல் சீட்.

வீட்டுக்கு வந்தபின் கசக்கிறது. பொய் இல்லை. ஆனால் மருந்தை அம்மாவும் விடலாம். வீட்டுக்குப் போக வேண்டும் என்பது ஒரு காரணம் ஆகாதா? வேலைக்குச் சேரும்போது 9.30 முதல் 6.30 என்றுதான் பேச்சு. ஏழு என்பதே நான் விட்டுக்கொடுத்தது. அதையும் அப்பத்தா கண்ணின் பேரில் வாங்கியிருக்கிறேன். மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். வாரத்துக்கு வாரம் வேளை குறைந்துகொண்டே போய் அக்டோபர் 5-ஆம் தேதியோடு முடிகிறது.

செப்டம்பர் 14
இரவு 9.50. சாரின் வாட்ஸ்அப்: "அந்த ஜவுளிக்கடை லெட்ஜர் எங்க வச்சிருக்க?" நீல டிக் விழாமல் மேலேயே படித்தேன். பார்க்காத மாதிரி இருப்பதும் ஒரு வேலையாகத்தான் இருக்கிறது. பத்தரைக்குப் பதில் போட்டேன்: இரும்பு அலமாரி, இரண்டாம் தட்டு. கட்டைவிரல் வந்தது.

செப்டம்பர் 17
மிலாது நபி. ஊருக்கெல்லாம் லீவு.

செப்டம்பர் 18
மதியம் சார் ஆரம்பித்தார். "எங்க ஐயா ரங்கூனுக்குப் போனது வட்டிக்கடைல பெட்டியடிப் பையனா, எடுபிடியா. ராத்திரியும் பெட்டி பக்கத்துலயே பாயை விரிச்சுப் படுப்பாக. அப்படி இருந்துதான் அடுத்தாள் ஆனாக, மேலாள் ஆனாக." மற்ற மாதங்களில் எப்போதாவது வரும் கதை, செப்டம்பரில் வாரம் ஒருமுறை வரும் என்று பக்கத்து மேசை அக்கா முன்பே சொல்லியிருந்தாள்.

தலையாட்டிவிட்டு வந்தேன். பதில் பஸ்ஸில்தான் தோன்றியது. ரங்கூன் போனவர்களுக்கு மூன்று வருடக் கணக்கு. முடிந்தால் கப்பலேறி ஊருக்கு வந்துவிடலாம். கப்பலில் போய்க்கொண்டிருப்பவரிடம் இரவு 9.50-க்கு லெட்ஜர் எங்கே என்று யாரும் கேட்க முடியாது. இதைச் சாரிடம் சொல்லும் தைரியம் இருந்தால் அப்பத்தா கண்ணை ஏன் கடன் வாங்குகிறேன்.

செப்டம்பர் 20, வெள்ளி
ஜிஎஸ்டிஆர்-3பி, மாத வரிக் கணக்கு, கடைசி நாள். போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏழு ஆனதும் எழுந்தேன். சார் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா பார்த்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரர் சிங்கப்பூரில். நான் வைத்துவிட்டு வரும் ஃபைல் அவள் மேசைக்குத்தான் போகும். இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

செப்டம்பர் 21
அக்கா இன்று எனக்கு டீ சொல்லவில்லை.

செப்டம்பர் 24
நகைக்கடையின் வேலைநேரப் பதிவேடு அடித்தேன். கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக்கூடாது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். கொடுத்த தாளில் எல்லாப் பையன்களுக்கும் எல்லா நாளும் எட்டே எட்டு. அந்தக் கடை இரவு ஒன்பதரைக்கு ஷட்டர் இறக்குவதை, அப்பாவுக்காகக் காத்து நின்ற நாட்களில் பார்த்திருக்கிறேன். எட்டு, எட்டு, எட்டு என்று அடித்துக் கொடுத்துவிட்டு ஏழு மணிக்குக் கிளம்பினேன். சமர்த்து.

செப்டம்பர் 26
அப்பாவின் தரைக்கல் பட்டறைக்குக் காரில் ஒருவர் வந்து, கல் நாளைக்கே வேண்டும் என்றாராம். கண்ணாடி மேல் வார்த்த கல், தொட்டியில் கிடக்கிறது. "ஊறுது" என்றாராம் அப்பா. அவ்வளவுதான் பதில். வந்தவர் போய்விட்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது. என் மேசையில் ஊறுவதற்கு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 27
எட்டு வரை இருந்தேன், அக்காவுக்காக. "கிளம்புடி" என்றாள். இருந்தேன். டீ வந்தது. அம்மா மருந்து விட்டிருந்தாள். "அவ விட்டா கன்னத்துலதான் விழுது" என்கிறது அப்பத்தா.

செப்டம்பர் 29, ஞாயிறு
ஞாயிறும் ஆபீஸ். நாளையோடு முடிய வேண்டிய டாக்ஸ் ஆடிட்டுக்கு அக்டோபர் 7 வரை நீட்டிப்பு. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பாதியில்தான் புரிந்தது, இன்னும் ஏழு நாள் இதே கதை.

அக்டோபர் 1
மருந்து ஒரே வேளைதான் இப்போது. புட்டியை ஆட்டினால் சத்தம் இல்லை.

அக்டோபர் 3
"அப்பத்தாவுக்கு மருந்து முடிஞ்சிருக்குமே?"
"சனிக்கிழமையோட முடியுது சார்."
"நல்லது, நல்லது."
நோட்டின் கடைசிப் பக்கத்தை மறுபடி திறந்தேன். அடித்த மூன்று வரிகளும் அப்படியே இருக்கின்றன.

அக்டோபர் 5, சனி
ஏழு மணிக்குப் பையை எடுத்தேன். "மருந்தா?" என்றார்.
"இல்ல சார். பஸ்."