கொக்கின் சிறகடிப்பு காணாமல் போன கதை

பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் ஒரு கொக்கு செய்துகொண்டிருக்கிறேன். நடை ஒரு ஆக்‌ஷன், அதாவது பெயரிட்டு வைக்கும் ஓர் அசைவு; சிறகடிப்பு இன்னொன்று. போன சனிக்கிழமை சிறகடிப்பை முடித்துவிட்டு, நடையைத் திருத்துவதற்காக ஆக்‌ஷன் எடிட்டரில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி, சிறகடிப்பைக் கொக்கிலிருந்து கழற்றினேன். கீழே ஒரு எச்சரிக்கை வரி வந்து போனது, படிக்கவில்லை. சேமித்து மூடினேன். மறுநாள் திறந்தால் நடை மட்டும்தான் இருக்கிறது. நாலு மணி நேர வேலை. மனசே விட்டுப்போனது.

மெஷ் (உருவத்தின் வடிவம்), மெட்டீரியல் (அதன் நிறமும் பளபளப்பும்), ஆக்‌ஷன் என எதுவானாலும், அதை எத்தனை இடத்தில் பயன்படுத்துகிறோம் என்று பிளெண்டர் எண்ணி வைக்கிறது. எண்ணிக்கை பூஜ்யமானால் உடனே அழிக்காது. சேமிக்கும்போது ஃபைலில் எழுதாமல் விட்டுவிடும். அதனால் மூடும்வரை எல்லாம் இருப்பதுபோலவே தெரியும். ஆக்‌ஷன் பட்டியலில் பெயருக்கு முன்னால் '0' என்று நிற்பதுதான் அடையாளம். பக்கத்திலுள்ள கேடயப் படத்தை அழுத்தினால் '0' போய் 'எஃப்' வரும். ஃபேக் யூசர், அதாவது ஒரு ஆள் பயன்படுத்துவதாகப் பொய்க்கணக்கு. சிறகடிப்பை மறுபடி செய்தபோது முதல் கீஃப்ரேம் (அசைவின் ஒரு நிலையைப் பதியும் புள்ளி) வைத்த கையோடு கேடயத்தை அழுத்திவிட்டேன்.

இதற்கு நேர் எதிர் சிக்கலும் உண்டு. பழைய இறகு ஒன்றை நீக்கிய பிறகும் அதன் மெட்டீரியல் ஃபைலிலேயே கிடந்தது. இறகின் மெஷ் அனாதையாகிவிட்டாலும், அது இன்னும் மெட்டீரியலைப் பிடித்துக்கொண்டிருந்ததால் மெட்டீரியலின் கணக்கு 1. ஃபைல் மெனுவில் கிளீன் அப் போய், சங்கிலியாகத் தொடரும் தேர்வோடு பர்ஜ் (பயன்படாததை அழிப்பது) செய்ததும் இரண்டும் ஒன்றாகப் போயின.

அப்புறம் பைத்தான், பிளெண்டருக்குள் நிரல் எழுத உதவும் மொழி. இறகுகளை அசைக்கும் என் ஸ்கிரிப்ட், ஆப்ஜெக்ட்டுகளை ஒரு பட்டியலில் வைத்திருந்தது. ஒரு அண்டூ செய்ததும் 'ரெஃபரன்ஸ் எரர்', ஆப்ஜெக்ட் நீக்கப்பட்டுவிட்டதாம். திரையில் இறகு அப்படியே இருக்கிறது! பைத்தானில் ஒரு மாறி (variable) ஆப்ஜெக்ட்டைப் பிடித்திருப்பதை பிளெண்டர் கணக்கில் சேர்ப்பதில்லை. அண்டூவுக்குப் பின் அந்த மாறி காட்டும் நினைவக இடமும் செல்லாது. எனக்கு இதைப் புரிந்துகொள்ளத்தான் ரொம்ப நேரம் பிடித்தது. இப்போது பட்டியலில் பெயர்களை மட்டும் வைத்து, தேவைப்படும்போது பிளெண்டரிடம் ஆப்ஜெக்ட்டைக் கேட்டு வாங்குகிறேன். பெயரை மாற்றினால் மட்டும் பட்டியலையும் திருத்த வேண்டியிருக்கிறது.

நேற்று ராத்திரி பத்துப் பன்னிரண்டு அண்டூ அடித்துப் பார்த்தேன். கொக்கு நிற்காமல் சிறகடிக்கிறது.