கடகத்தில் இருக்க வேண்டிய சூரியன்

செக் நாட்டுத் தலைநகர் பிராகிலிருந்து திரும்பி நாலு நாள் ஆகிறது. துணியெல்லாம் துவைத்தாகிவிட்டது. சக்கரம் கழன்ற பெட்டியைப் பரணில் ஏற்றியாகிவிட்டது (பழைய நகரத்தில் தெரு முழுக்கக் கல் பதித்து வைத்திருக்கிறார்கள். பெட்டியை இழுத்தால் தேர் வருகிற சத்தம்). அம்மாதான் இன்னும் அங்கே கோபுரத்தில் பார்த்த அந்த ராசிச் சக்கரக் கடிகாரத்தை விட்டபாடில்லை. நேற்று பால் போட வந்த பையனைக்கூட நிறுத்தி வைத்து, "அறுநூறு வருஷமாத் தப்பாவே ஓடிக்கிட்டிருக்குப்பா, ஒருத்தனும் கேக்கலை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பேட்டரி மாத்துங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போனான்.

கிளம்பும்போதே எனக்கு இருந்த பயம் சாப்பாட்டைப் பற்றித்தான். அம்மாவின் கைப்பையில் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், பாம்புப் பஞ்சாங்கம் மூன்றும் எப்போதும் உண்டு. அங்கே சைவம் என்று கேட்டால் பாலாடைக்கட்டியை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்துத் தருகிறார்கள். முதல் நாள் அமிர்தம். நாலாவது நாள், பெயரைக் கேட்டாலே என் மனைவி தங்கமணிக்கு முகம் மாறியது. க்னெட்லீகி என்று ஒன்று, மாவை உருட்டி வேகவைத்து வில்லை போட்டது. வழக்கமாகக் கறிக்குழம்போடு வருவதை வெறுமனே கொண்டுவரச் சொன்னோம். அம்மா பருப்புப் பொடியைத் தூவி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இட்லிக்குச் சித்தப்பா பையன் முறை. வளர்ப்பு சரியில்லை" என்றாள். பில்லைப் பார்த்தபோது, என் பியரும் அம்மாவின் தண்ணீர் பாட்டிலும் ஏறக்குறைய ஒரே விலை. அதற்கும் எனக்குத்தான் திட்டு.

அடுத்து சார்லஸ் பாலம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். உறுதிக்காகச் சாந்தில் முட்டை கலந்து கட்டியதாக ஒரு கதை உண்டு என்று சொல்லித் தொலைத்தேன். அம்மா பாலத்துக் கோபுரத்தடியிலேயே நின்றுவிட்டாள். ஆடி மாசம் அதுவுமாக முட்டை மேல் நடப்பதா? "செட்டிநாட்டு வீடுகளில் சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு போட்டுத்தானே இழைக்கிறார்கள்? காரைக்குடி கல்யாணத்தில் ராத்திரி முழுக்க அந்தச் சுவரில் சாய்ந்துதானே தூங்கினாய்?" என்று கேட்டேன். "அது தெரியாம சாஞ்சது" என்று பதில் வந்தது.

கடைசியில் காப்பாற்றியது நான்காம் சார்லஸ் மன்னர்தான். 1357-ஆம் வருடம் ஒன்பதாம் தேதி, ஏழாம் மாதம், காலை 5 மணி 31 நிமிடத்துக்கு அடிக்கல் நாட்டினாராம். எண்களை வரிசையாக எழுதினால் 135797531, முன்னே படித்தாலும் பின்னே படித்தாலும் ஒன்றேதான். ஜோசியர்கள் குறித்துக் கொடுத்த நேரம் என்கிறார்கள். "முகூர்த்தம் பார்த்த ராஜாவா? அப்ப சரி" என்று அம்மா செருப்பைச் சரிசெய்துகொண்டு விறுவிறுவென்று நடந்தாள். முட்டை கேட்டு ராஜா ஊர் ஊராக ஆளனுப்பியபோது வெல்வரி என்ற ஊர்க்காரர்கள் வேகவைத்து அனுப்பினார்களாம். ஊரே சிரிக்கும் கதை இது. அம்மா சிரிக்கவில்லை. "பச்சை முட்டையைக் கட்டை வண்டியில அனுப்பினா உடையாதா? அந்த ஊர்ல யாரோ விவரமான பொம்பளை இருந்திருக்கா."

இனி கடிகாரம். மறுநாள் ஆடிப்பெருக்கு. காலையிலேயே வல்டாவா ஆற்றங்கரைக்குப் போய் அம்மா நாலு பூவும் ஒரு சிட்டிகை மஞ்சளும் விட்டாள். அன்னப்பறவைகள் எலுமிச்சஞ்சாதம் எங்கே என்கிற மாதிரி பார்த்தன. அங்கேயே நேரமாகிவிட்டது. நகரமன்றக் கோபுரத்தடிக்கு நாங்கள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து இரண்டு. பத்து மணி ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. இனி பதினொன்றுக்குத்தான்.

அந்த ஐம்பத்தெட்டு நிமிடம்தான் வினை. 1410-இல் செய்த கடிகாரம். அதில் சூரியன், சந்திரன், ராசிச் சக்கரம் எல்லாம் உண்டு. ஓரத்து வளையம் பழைய செக் நேரம், சூரியன் மறைந்ததிலிருந்து எண்ணுவது. உள்ளே இன்னொரு கணக்கு, பகல் நீண்டால் மணியும் நீளும். "ராகுகாலக் கணக்கு மாதிரி" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ராசிகள் படமாக இல்லை, கிறுக்கல் மாதிரிக் குறிகள். கைப்பேசியில் தேடி ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"சூரியன் எதுல நிக்கிது?"

"சிம்மம்."

பஞ்சாங்கம் வெளியே வந்தது. "இன்னிக்கு ஆடி பதினெட்டு. சூரியன் கடகத்துல இருக்கணும். ஆவணி பொறக்காம சிம்மத்துக்கு எப்படிடா வருவான்?"

வெயிலில் நின்றுகொண்டு விளக்கினேன். அவர்கள் சூரியன் நிலநடுக்கோட்டைக் கடக்கும் இடத்திலிருந்து மேஷத்தை எண்ணுகிறார்கள், நாம் நட்சத்திரத்தை வைத்து எண்ணுகிறோம். பூமியின் அச்சு பம்பரம் மாதிரி சுமார் 26,000 வருடத்துக்கு ஒரு சுற்று தள்ளாடுவதால் இரண்டுக்கும் இன்றைக்கு 24 டிகிரி வித்தியாசம், இதைத்தான் அயனாம்சம் என்கிறோம் என்றெல்லாம். பக்கத்தில் நின்ற ஜப்பானியத் தாத்தா கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிற என்னைப் படம் எடுத்தார். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நட்சத்திரத்தைப் பாக்காம ராசி போட்டா அது ராசியா?" என்றாள். பேச்சை மாற்ற, இதைச் செய்தவர் வேறு எங்கும் இதுபோல் செய்துவிடக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் அவர் கண்ணைக் குருடாக்கியதாக ஒரு கட்டுக்கதை இருக்கிறது என்றேன். "தப்பாப் போட்டதுக்கா?"

பதினொன்று. ஆயிரம் கைப்பேசிகள் உயர்ந்தன. எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணியடித்தது. மேலே இரண்டு ஜன்னல்களில் இயேசுவின் சீடர்களான பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் ரேஷன் கடை வரிசை மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தங்கச் சேவல் ஒன்று கூவியது, கூவலா விக்கலா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம். ஒரு நிமிடம்கூட இருக்காது. "இவ்வளவுதானா!" என்று எத்தனை மொழிகளில் சொல்லலாம் என்பதை அங்கேதான் கேட்டேன். சேவலுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுக்கணும் என்றாள் தங்கமணி.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கோட்டைக்கு டிராம் பிடிக்கலாம் என்று திரும்பினேன்.

"எலும்புக்கூடு மணியடிச்சுக் கூப்பிடுது. பக்கத்துல நிக்கிற பொம்மைங்க மூணும் மாட்டேன் மாட்டேன்னு தலையாட்டுதுங்க. பாத்தியா?"

பார்க்கவில்லை. நான் சேவலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"உங்கப்பாவுக்குத் தலையாட்டக்கூட நேரம் குடுக்கலை" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அடுத்தது பன்னெண்டுக்கா?"

"ஆமாம்மா."

"நிப்போம்."

கோட்டையை மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம் என்று தங்கமணியே சொல்லிவிட்டாள். கம்பியில் மாவைச் சுற்றிச் சுட்டுச் சர்க்கரையில் புரட்டுகிற திர்டெல்னிக் வாங்கி வந்தாள். பாரம்பரியப் பலகாரம் என்று கடைக்குக் கடை பலகை. பாதிப் பாரம்பரியம் என் சட்டையில் கொட்டியது. பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அம்மா, வழிவிட்ட பிள்ளைகளுக்கெல்லாம் தமிழிலேயே நன்றி சொல்லிக்கொண்டு, கூட்டத்தின் முன்வரிசைக்குப் போய்விட்டாள். பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது அந்த நரைத்த கொண்டை மட்டும்தான். எலும்புக்கூடு கயிற்றை இழுத்தபோது அது இடமும் வலமும் இரண்டு முறை அசைந்தது.

சேவல் விக்கி முடித்ததும் திரும்பி வந்தாள். சர்க்கரைக் கையை என் சட்டையிலேயே துடைத்துக்கொண்டாள்.

"அங்கேயேதான்டா நிக்கிது. சிம்மத்துலயே."