தடைக்காலத்தில் போட்ட அப்கிரேடு

எங்கள் சர்வர் வேலைகளுக்கென்று ஒரு பருவம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்கள். மண்டபம், ராமேஸ்வரம் விசைப்படகுகள் கரையேறி, பலகை மாற்றுவதும் பெயின்ட் அடிப்பதுமாக இருக்கும். காற்று, அலை, மீன் விலை மூன்றையும் போனில் காட்டும் எங்கள் பக்கத்தை அப்போது நாட்டுப்படகுக்காரர்கள் மட்டும்தான் பார்ப்பார்கள். அதனால் அப்கிரேடு எதுவானாலும் அந்த இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுவோம்.

சர்வரில் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃப்ரீபிஎஸ்டி. பக்கத்தைப் போனுக்கு அனுப்பும் வெப் சர்வர் புரோகிராம் என்ஜின்எக்ஸ். ரெடிமேடாக வரும் பேக்கேஜில், பக்கத்தைச் சுருக்கி அனுப்பும் பிராட்லி முறை இல்லாததால், வேண்டிய ஆப்ஷன்களோடு மூலநிரலிலிருந்து பில்டு செய்ய உதவும் போர்ட்ஸ் வழியாக நானே அதைச் சேர்த்து பில்டு செய்திருந்தேன். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனாலே டவர் ஒற்றைக் கோடாகிவிடும் இடம் இது. வழக்கமான ஜிஜிப் சுருக்கத்தை விட பிராட்லி எழுத்துப் பக்கங்களை இன்னும் சிறிதாக்கும். படகில் இருப்பவருக்கு அந்தச் சில கிலோபைட் பெரிய விஷயம்.

அந்த வருடம் தடை முடிய இரண்டு வாரம் இருக்கும்போது ரெடிமேட் பேக்கேஜ்களைப் புதுப்பிக்கும் பிகேஜி அப்கிரேடு கட்டளையைப் போட்டேன். நீளமான பட்டியல் ஓடியது. அதில் என்ஜின்எக்ஸ் வரியின் ஓரத்தில் ‘ஆப்ஷன்ஸ் சேஞ்ச்டு’ என்று இருந்திருக்கிறது. நான் படிக்கவில்லை, ‘ஒய்’ அழுத்திவிட்டேன். பக்கம் வழக்கம்போலத் திறந்தது. சரி, வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டேன்.

ஜூன் 15-க்குப் பிறகு படகுகள் இறங்கின. ஒரு நாள் அதிகாலையில் கரண்ட் போனது. யூபிஎஸ் தாங்கும் நேரத்தைத் தாண்டியும் வரவில்லை. கரண்ட் வந்து சர்வர் எழுந்தபோது என்ஜின்எக்ஸ் மட்டும் எழவில்லை. விடிவதற்குள் பாம்பனிலிருந்து ஒரு அண்ணன் போன் செய்தார். “தம்பி, பக்கம் திறக்க மாட்டேங்குது. கச்சான் காத்து எப்படி இருக்கு, இறங்கலாமா?” எனக்குக் கை நடுங்கியது. வானிலை மைய அறிக்கையைத் திறந்து அவருக்குப் படித்துச் சொன்னேன். அவர் ஒருவர் கேட்டார். கேட்காமல் இறங்கியவர்கள் எத்தனை பேர் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

சர்வரின் பதிவு ஃபைலைப் பார்த்ததும் விளங்கியது. பிராட்லிக்கான துணைப் பகுதியை, அதாவது மாட்யூலை, ஏற்றச் சொல்லி என்ஜின்எக்ஸின் கான்ஃபிக் ஃபைலில் வரி இருந்தது, மாட்யூல் ஃபைல் டிஸ்க்கில் இல்லை. நான் பில்டு செய்ததை ரெடிமேட் பேக்கேஜ் மாற்றி வைத்துவிட்டது. பிகேஜி தானாகச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யாது. அதனால் பழைய புரோகிராம் மெமரியிலேயே இரண்டு வாரத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போகாமல் இருந்தால் இன்னும் ஓடியிருக்கும்.

என்னை வெகுநேரம் உட்கார வைத்தது வேறு ஒன்று. நான் தேர்ந்தெடுத்த ஆப்ஷன்கள் எங்கும் தொலையவில்லை. முன்பு போர்ட்ஸின் ஆப்ஷன் திரையான மேக் கான்ஃபிக்கில் டிக் போட்டது எல்லாம் வார் அடைவில், டிபிக்குள், போர்ட்ஸ் என்ற இடத்தில் அப்படியே பத்திரமாக இருந்தது. பிகேஜி அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. போர்ட்ஸ் வழியாகப் பில்டு செய்தால்தான் அது வாசிக்கப்படும். ஒரு பக்கம் பில்டு, இன்னொரு பக்கம் ரெடிமேட் என்று இரண்டு வழியையும் ஒரே சர்வரில் கலந்தது என் தவறு. ரெடிமேட் பேக்கேஜ்கள் இயல்பாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரிக்கப்படும் காலாண்டுக் கிளையிலிருந்து வரும், நான் வைத்திருந்த போர்ட்ஸ் தொகுப்போ அதைவிடப் புதியதாக இருந்தது. லைப்ரரிகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போக வாய்ப்புண்டு.

முதலில் ஒரு பேக்கேஜை மாறாமல் பூட்டி வைக்கும் பிகேஜி லாக் கட்டளையைப் போட்டேன். என்ஜின்எக்ஸை யாரும் தொட முடியாது. ஆனால் பாதுகாப்புத் திருத்தமும் உள்ளே வராது, அது சார்ந்திருக்கும் மற்ற பேக்கேஜ்களும் தடைபடும். ஓரிரு நாளுக்குச் சரி, வருடக்கணக்கில் வைத்திருந்தால் ஆபத்து. அதை எடுத்துவிட்டேன்.

இப்போது, பேக்கேஜ்களை மொத்தமாகப் பில்டு செய்யும் பூத்ரியேர் என்ற கருவியை வைத்திருக்கிறோம். தனிக் கணினியில், மற்றவற்றிலிருந்து பிரித்த சுத்தமான ஜெயில் என்ற சூழலுக்குள், எங்கள் ஆப்ஷன்களோடு எல்லாப் பேக்கேஜையும் பில்டு செய்து எங்கள் சொந்த ரெபோவில், அதாவது பேக்கேஜ் கிடங்கில், வைக்கிறோம். சர்வரில் அதிகாரப்பூர்வ ரெபோவை அணைத்துவிட்டோம். இதை மறந்தால் புதிய வெர்ஷன் அங்கிருந்தே இறங்கிவிடும், எல்லாம் வீண். அப்கிரேடு முடிந்ததும் என்ஜின்எக்ஸுக்கு ‘-டி’ கொடுத்து கான்ஃபிக்கைச் சோதித்து, கையோடு ஒரு முறை ரீஸ்டார்ட்டும் செய்கிறோம்.

ஆப்ஷன்களை டிக் போட்டு வைப்பதையும் விட்டுவிட்டேன். பில்டு அமைப்புகளுக்கான மேக் டாட் கான்ஃப் ஃபைலில் வரியாக எழுதுகிறேன். பழைய டிக் ஃபைல் இருந்தால் அதுதான் இந்த வரியை மீறும் என்பதால் முதலில் அதை அழித்தேன். எழுதிய வரியை வேறு யாரும் படிக்கலாம், காரணத்தையும் பக்கத்திலேயே வைக்கலாம். பிராட்லி வரிக்கு மேலே கமென்ட்டாக இருப்பது: “கடலில் டவர் ஒரு கோடுதான். எடுப்பதற்கு முன் பாம்பன் அண்ணனிடம் கேள்.”